ஆறு மணிக்கு வரும் அழைப்பு

51 வயதில் எனக்கு இரண்டாவது கல்யாணம் பதிவானது. ஊர் வன்னியில் விசுவமடுப் பக்கம். முதல் கணவர் 2009 ஏப்ரலில், இறுதிப் போரில், மாத்தளனில் ஷெல் விழுந்து போய்விட்டார். பிறகு முகாம், மீள்குடியேற்றம், பிள்ளைகளின் படிப்பு. துணை என்ற நினைப்புக்கே நேரம் இருக்கவில்லை.

இப்போது கட்டியவர் ஒட்டுசுட்டானில் பிறந்தவர். சுவிஸில் ஓர் உணவகக் குசினியில் வேலை. மனைவி புற்றுநோயில் இறந்து ஏழு வருடம். சித்தி மகள்தான் நம்பர் தந்தாள். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில்தான் அவருக்கு ஓய்வு. அங்கே இரண்டரை என்றால் இங்கே ஆறு. ஒக்டோபர் கடைசியில் அங்கே மணியை மாற்றினால் இங்கே ஏழாகிவிடும். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டபடி கதைப்பேன். பாலைப்பழம் வந்துவிட்டதா, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எவ்வளவு சனம் என்று முதல் மாதம் முழுக்க ஊரைத்தான் விசாரித்தார். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. அது எனக்குப் பிடித்தது. அவர் நேரில் வரும்வரை ஒரு ரூபாயும் வாங்கவில்லை. என் நிலையில் இருக்கும் பெண்களுக்கும் இதையே சொல்வேன். காசு முந்திக்கொண்டால் ஆளின் மனம் தெரியாது.

பிள்ளைகள் சரி என்றார்கள். பயம் மாமியை நினைத்துத்தான். முதல் கணவரைப் பெற்றவர், இன்றும் என்னோடுதான் இருக்கிறார். மகனின் படத்துக்குப் பூ வைக்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவரிடம் எந்த வாயால் சொல்வது? ஒருநாள் நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், உள்ளே போன் அடித்தது. மாமியே எடுத்துக்கொண்டு வந்தார். முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டு, "பிள்ளை, அவர் பார்த்துக்கொண்டிருப்பார், கதை" என்றார். எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

அப்புறம் கடதாசி அலைச்சல். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைக் கட்டுவதென்றால் 2022இல் பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. அவருடைய மனைவியின் இறப்புச் சான்றிதழ் ஜெர்மன் மொழியில் இருந்ததால் ஓர் அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மொழிபெயர்ப்பை முதலிலேயே செய்து வையுங்கள். என் பக்கத்துக்கு வேண்டிய இறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில், முகாம் அட்டையோடு சேர்ந்து கிடந்தது. அதில் கணவரின் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. மாமிதான் அதை வாங்கி மடித்து உறையில் வைத்தார்.

பதிவு முடிந்ததும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். மூன்று கிழமையில் அவர் திரும்பிப் போனார். நான் சுவிசுக்குப் போகவில்லை, மாமியை விட்டு எங்கே போக? அங்கே ஆண்களுக்கு ஓய்வு வயது 65, இவருக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. போகும்முன் வேலியோரம் இரண்டு மாங்கன்று நட்டார். தினமும் போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டவேண்டும். ஆனால் முதல் ஐந்து நிமிடம் மாமிக்குத்தான். சாப்பிட்டாயா, குளிரா என்று விசாரித்த பிறகுதான் போன் என் கைக்கு வரும்.