அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்

மென்பொருளுக்கான தேவைகளைத் திரட்ட உட்காரும் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்ட, கேட்கும்போதெல்லாம் உள்ளூர மகிழ்ந்த வாக்கியம் ஒன்று உண்டு: "அத நாங்க பாத்துக்குவோம்." ஏதோ ஒரு விதிவிலக்கைப் பற்றிக் கேட்கிறோம், எதிரில் இருப்பவர் கையை லேசாக அசைத்து இப்படிச் சொல்கிறார், எழுத வேண்டியதில் ஒரு பக்கம் குறைந்தது என்று நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். நான் தவறவிட்ட தேவைகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தன என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது.

ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவுக்குக் கையிருப்பு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அதுவரை அவர்கள் எல்லாவற்றையும் ஓர் எக்செல் கோப்பில் வைத்திருந்தார்கள். "தரச் சோதனை முடியாத சரக்கை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். வயதில் மூத்த ஸ்டோர் கீப்பர், "அத நாங்க பாத்துக்குவோம்மா" என்றார். கோப்பில் இருந்த 14 நெடுவரிசைகள், மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் தேவை ஆவணத்தில் 14 புலங்களாயின, ஆவணம் கையெழுத்தாயிற்று, ஒரு வார இறுதியில் பழைய தரவு முழுவதையும் புதிய அமைப்பில் ஏற்றினோம். திங்கட்கிழமை காலை பராமரிப்புப் பிரிவிலிருந்து இண்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, வந்தது. திரையில் கையிருப்பு இருப்பதாகக் காட்டியதால், பணிக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஓர் இளைஞர், சோதனைக்காகக் காத்திருந்த 40 பேரிங்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பழைய கோப்பில் அந்த வரி மஞ்சள் நிறத்தில் இருந்திருக்கிறது. "மஞ்ச அடிச்சிருந்தா யாரும் தொட மாட்டோம்மா, அது எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஸ்டோர் கீப்பர். நிறம்தான் அந்தக் கோப்பின் பதினைந்தாவது நெடுவரிசை. தரவை ஏற்றுவதற்காக எக்செலை சி.எஸ்.வி. என்ற வெற்று எழுத்துக் கோப்பாக மாற்றும்போது எண்களும் எழுத்துகளும் வரும், நிறம் வராது. அவர் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் நெடுவரிசைகளைக் கேட்டோம், அவர் நெடுவரிசைகளைக் கொடுத்தார். பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய மஞ்சள், சொல்ல வேண்டிய ஒரு தகவலாக அவருக்குத் தோன்றவே இல்லை.

இதில் தமிழ் இலக்கணத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். "நாங்கள்" என்பது கேட்பவரை விலக்கிச் சொல்லும் சொல். இந்த விஷயத்தில் நீயும் உன் மென்பொருளும் சேர்த்தி இல்லை என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதைவிடத் தொல்லை தருவது "-உம்" விகுதி. கூட்டக் குறிப்பில் "சரக்கு வந்ததும் எண்ணிப் பார்க்கப்படும்" என்று எழுதுகிறோம். வழக்கமாக நடப்பதையும் இனி நடக்கப்போவதையும் இந்த ஒரே வினைமுற்று சுமக்கிறது. செயப்பாட்டு வினையாக இருப்பதால் எண்ணுவது யார் என்பதும் தெரிவதில்லை. பேச்சு தமிழிலும் ஆவணம் ஆங்கிலத்திலும் நடக்கும் எங்களைப் போன்ற குழுக்களில், ஸ்டோர் கீப்பர் தன் அன்றாட வேலையை விவரித்த வாக்கியம் இரவோடு இரவாக, ஆங்கில ஆவணங்களில் கட்டாயத்தைக் குறிக்கும் "ஷால்" என்ற சொல்லை ஏந்திக்கொண்டு அமைப்பின் கடமையாக மாறிவிடுகிறது. "மேலாளர் திருத்தலாம்" என்பதிலும் இதே குழப்பம்: அது அவருக்குத் தரப்படும் உரிமையா, நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கையா, மற்றவர்கள் திருத்தக்கூடாது என்பதும் அதில் அடக்கமா?

கணினிகள் இணையத்தில் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிமுறைகளை எழுதுபவர்கள் இந்தச் சிக்கலை 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 ஆவணத்தில் நேராகவே எதிர்கொண்டார்கள். மஸ்ட், ஷுட், மே போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு இன்ன பொருள்தான் என்று அதில் வரையறுத்தார்கள். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவுகளை முழுவதும் எடைபோட்ட பிறகே மீற வேண்டும் என்று பொருள். நான் என் குறிப்புகளுக்கு இதைவிடச் சிறிய விதி ஒன்றை வைத்திருக்கிறேன்: இன்று நடப்பதை, செய்பவரின் பதவியைச் சொல்லி, நிகழ்காலத்தில் எழுதுவது, "வேண்டும்" என்பதை அமைப்பின் கடமைக்கு மட்டும் ஒதுக்குவது. "ஸ்டோர் கீப்பர் சரக்கை எண்ணுகிறார். அமைப்பு அந்த எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். எண்ணிக்கை உள்ளிடப்படாத சரக்கு வரவு ரசீதை முடிக்க விடக்கூடாது." படிக்க அழகாக இருக்காது. ஆனால் சோதிப்பவர் இதை வைத்துக்கொண்டு ஒரு சோதனையை எழுதிவிட முடியும்.

எல்லோருக்கும் தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும் என்பதற்கு, 1993 செப்டம்பர் 14 அன்று போலந்தின் வார்சா விமான நிலையத்தில் நடந்த ஏர்பஸ் ஏ320 விமான விபத்தைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. "விமானம் தரையிறங்கிவிட்டது" என்பதை அதன் மென்பொருள் தனக்கெனச் சில நிபந்தனைகளால் புரிந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் எழும்பும் தகடுகளான இறக்கைத் தடுப்புகள் விரிய, இரு முதன்மைச் சக்கரத் தொகுதிகளின் மீதும் தலா 6.3 டன் எடை விழுந்திருக்க வேண்டும், அல்லது சக்கரங்கள் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கி.மீ.) வேகத்துக்கு மேல் சுழல வேண்டும். விமானத்தை நிறுத்த உதவும் எஞ்சினின் எதிர்விசைக்கு எடை நிபந்தனை மட்டும்தான். அன்று மழை, பின்னாலிருந்து காற்று. குறுக்குக் காற்று இருக்கும் என்று எதிர்பார்த்த விமானிகள் ஒருபக்கம் சாய்த்து இறக்கியதால் வலப்பக்கச் சக்கரங்கள் முதலில் தொட்டன. இடப்பக்கச் சக்கரங்கள் தொட ஏறத்தாழ 9 விநாடிகள் ஆயின. ஈர ஓடுபாதையில் சக்கரங்களும் உடனே சுழலவில்லை. தரையில் ஓடிக்கொண்டிருந்த விமானம், மென்பொருளின் கணக்கில் இன்னும் வானத்தில் இருந்தது. ஓடுபாதையைத் தாண்டிப்போய் மண்மேட்டில் மோதியதில் இருவர் இறந்தார்கள். காற்றும் வேகமும் விமானிகளின் முடிவும் சேர்ந்து நிகழ்ந்த விபத்து அது என்றாலும், மென்பொருள் எழுதித் தரப்பட்டதைப் பிசகாமல் செய்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் சங்கடமாகவே இருக்கிறது. பறக்கும்போது தவறுதலாகத் தடுப்புகள் விரிந்துவிடக்கூடாது என்ற மிக நியாயமான கவலையிலிருந்து பிறந்த நிபந்தனைகள் அவை.

"வேகமாக இருக்க வேண்டும்", "எளிமையாக இருக்க வேண்டும்" போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவை மங்கலானவை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். எத்தனை விநாடி என்று கேட்டால் யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "கையிருப்பு" போன்ற சொற்களைத்தான் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் "பாத்துக்குவோம்" என்று ஒருவர் சொன்னால் பேனாவை மூடுவதில்லை. கடைசியாக எப்போது அப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்கிறேன். பொதுவாக என்ன செய்வீர்கள் என்றால் விதிமுறை பதிலாக வரும். போன வாரம் என்ன செய்தீர்கள் என்றால் நடந்தது வரும். எதைப் பார்த்து அது வேறு மாதிரியான சரக்கு என்று தெரிந்துகொண்டீர்கள், நீங்கள் விடுப்பில் இருந்தால் யாருக்குத் தெரியும் என்பவை அடுத்த கேள்விகள். காலிப் படிவத்தை வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டேன். அழுக்கும் கிறுக்கலுமாக அன்று புழங்கிக்கொண்டிருக்கும் கோப்பைத்தான் கேட்கிறேன். இப்படி வெளியே வரும் எல்லாவற்றையும் மென்பொருளுக்குள் திணிக்க வேண்டியதில்லை. மனிதர் முடிவு செய்வதே சரியென்றால் அதையும் ஆவணத்தில் எழுதி, அவர் முடிவு செய்யும்வரை சரக்கு நிற்க ஓர் இடம் விட்டால் போதும்.

அந்த ஸ்டோர்ஸில் மஞ்சளுக்குப் பதிலாக "சோதனை நிலுவை" என்ற நிலையைச் சேர்த்தோம். அந்த நிலையில் உள்ளதை வழங்க அமைப்பு மறுத்துவிடும். திருத்திய ஆவணத்தோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டு முடித்துத் தலையாட்டியவர், பழைய கோப்பைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார்.

"அப்ப இந்த இளம்பச்சைக்கு என்னம்மா பண்ணப்போறீங்க?"