என் லேப்டாப்பில் மட்டும் ஓடிய லைவ் சைட்

"தம்பி, லாகின் போட்டா சுத்தீட்டே இருக்குது" என்று டெஸ்டிங் அக்கா என் சீட்டுக்கே வந்துவிட்டார். லைவ் சைட்டைத் திறந்து, லாகின் செய்து, டாஷ்போர்டு வரைக்கும் போய்க் காட்டினேன். "நல்லாத்தானுங்க்கா ஓடுது. கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க."

அவர் கிளியர் பண்ணிப் பார்த்தும் ஓடவில்லை. கிளையன்ட் பக்கமும் அதே கதை. சர்வருக்குள் போய் .என்வ் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் ஏபிஐ முகவரியை (சைட் தகவல் கேட்டுப் போகும் இடம்) சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு முறை வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தேன். கை சும்மா இருக்காதே!

கடைசியில் அக்காவின் மெஷினில் எஃப்12 தட்டி நெட்வொர்க் டேபைப் பார்த்தேன். லாகின் ரிக்வெஸ்ட் போன இடம் லோக்கல்ஹோஸ்ட்:5000, அதாவது அந்தக் கணினியே. லைவ் சைட்டைத் திறந்த ஒவ்வொருவரின் பிரவுசரும் அவரவர் கணினியின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் மட்டும் 5000 என்ற போர்ட்டில் நோட் சர்வர் (சைட்டின் பின்பக்கம்) ஓடிக்கொண்டிருந்ததால் கதவு திறந்தது. டெஸ்ட் அக்கவுன்ட்டும் லோக்கல் டேட்டாபேஸில் அப்படியே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அது கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற டூலில் எழுதிய ப்ராஜெக்ட். .என்வ் ஃபைலில் வைக்கும் என்விரான்மென்ட் வேரியபிளைத் தமிழில் சூழல் மாறி என்கிறோம். பிரவுசரில் ஓடும் ஃப்ரன்ட்எண்டைப் பொறுத்தவரை அது சூழலும் இல்லை, மாறியும் இல்லை. பில்ட் (எழுதிய கோடை லைவுக்கான ஃபைல்களாக்கும் வேலை) ஓடும் நிமிடத்தில் ரியாக்ட்_ஆப்_ என்று தொடங்கும் பெயர்களைத் தேடி, அந்த இடத்தில் மதிப்பை எழுத்தாகவே ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் சர்வரில் எதை மாற்றினாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் ஒட்டியது ஒட்டியதுதான். ரகசிய ஏபிஐ கீயை அந்த முன்னொட்டோடு வைப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பகீரென்கிறது. வியூ சோர்ஸ் தெரிந்த எவரும் படித்துவிடலாம்.

சரி, லைவுக்கான .என்வ்.புரொடக்‌ஷனில் சரியான முகவரி இருந்தும் லோக்கல்ஹோஸ்ட் எப்படி நுழைந்தது? பில்டை என் லேப்டாப்பிலேயே ஓட்டி, ஃபைல்ஜில்லாவில் சர்வருக்கு ஏற்றியிருந்தேன். கிரியேட் ரியாக்ட் ஆப்பில், சொந்த மெஷினுக்கான .என்வ்.லோக்கலுக்கு .என்வ்.புரொடக்‌ஷனைவிட முன்னுரிமை. புரொடக்‌ஷன் பில்ட் என்றாலும் அதைத்தான் முதலில் மதிக்கும். அந்த ஃபைல் கிட்இக்னோரில் (கிட்டில் சேர்க்கக்கூடாதவற்றின் பட்டியல்) இருப்பதால் ரிவ்யூ செய்பவர் கண்ணிலும் படாது. பின்னாளில் வீட்டுக்கு மாறியபோது இந்த வரிசை தலைகீழாக இருந்தது. அங்கே .என்வ்.புரொடக்‌ஷன்தான் ஜெயிக்கும். (நான் சொல்வது பில்ட் டூல் வீட், குடியிருக்கும் வீடு அல்ல.) ஒரு டூலின் பழக்கத்தை இன்னொன்றில் நம்பக்கூடாது என்று அங்கே இன்னொரு அடி பட்டேன், அது தனிக்கதை.

அன்று .என்வ்.லோக்கலின் பெயரை மாற்றி, மறுபடி பில்ட் எடுத்து ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் கண்டுபிடிக்கத்தான் பாதி நாள். அதன்பின் பில்ட் ஸ்கிரிப்ட்டின் கடைசியில், சொல் தேடும் கிரெப் கட்டளை ஒன்றைச் சேர்த்தேன்: லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல் கிடைத்தால் நின்றுவிட வேண்டும். முதல் நாளே தவறாக நின்றது. பிரவுசரின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கருக்கான கோடில் அந்தச் சொல் நியாயமாகவே இருக்கிறதாம். போர்ட் எண்ணையும் சேர்த்துத் தேடச் சொன்ன பிறகுதான் அடங்கியது.

அடுத்த ரிலீஸில் "லைவ்ல போட்டாச்சுங்க்கா, செக் பண்ணீட்டேன்" என்றேன். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை.

"நோட் சர்வரை நிறுத்தீட்டு செக் பண்ணுனீங்களா தம்பி?"