பாதியில் வைத்தவர் சொல்வதையும் எழுதுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ராமநாதபுரம் கரையில் விசைப்படகுகள் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் லீவு. தொண்டியிலிருந்து பாம்பன் வரை, அங்கிருந்து கீழக்கரை, வாலிநோக்கம் வரை, படிப்பகம் வைத்திருக்கும் எந்த ஊருக்கும் புத்தகம் கைமாற இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் புத்தகம் திரும்பி வரும்போது நடக்கும் பேச்சு ஒரே மாதிரிதான். "எப்படி இருந்துச்சு?" "நல்லாருந்துச்சு." அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

வாசகர் கருத்தைச் சேர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் 10.5 செ.மீ. அகலமும் 14.8 செ.மீ. உயரமும் உள்ள சீட்டு கிடைக்கும். டெமி, கிரவுன் இரண்டு அளவுப் புத்தகத்திலும் வெளியே நீட்டாமல் அடங்கிவிடும். புத்தகத்தைக் கொடுக்கும்போதே சீட்டையும் உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தபிறகு கேட்டால் மறதிதான் பதிலாக வரும். அதில் ஐந்து விஷயம் போதும். புத்தகத்தின் பெயரும் பதிப்பு ஆண்டும். படித்தவரின் வயது, தொழில். எந்த இடத்தில் வேகமாகப் போனது. எந்த இடத்தில் நின்றது. யாருக்குக் கொடுக்கலாம்.

படித்தவர் பெயர் வேண்டாம். முந்நூறு வீடு உள்ள ஊரில் பெயர் போட்டால் ஒருவரும் மனதில் பட்டதை எழுத மாட்டார்கள். வாத்தியார் பரிந்துரைத்த புத்தகத்தை அவருடைய மாணவன் குறை சொல்வானா? அதேபோல, ஊரில் மதிப்புள்ளவர் எழுதிய சீட்டு முதலில் கண்ணில் பட்டால் அதற்குப் பிறகு வரும் ஒன்பது சீட்டும் அதையே திருப்பிச் சொல்லும். அதனால் மூன்று சீட்டு சேரும்வரை எதையும் வெளியே காட்டாமல் வைத்திருப்பது நல்லது.

பக்க எண்ணை மட்டும் எழுதினால் அடுத்த பதிப்பில் அது உதவாது. எழுத்தளவு மாறினாலே பக்கம் மாறிவிடும். அத்தியாய எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நட்சத்திரம் போடுவது, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது இரண்டையும் தவிர்க்கலாம். ஏழு மார்க் வாங்கிய நாவலும் ஏழு மார்க் வாங்கிய சமையல் புத்தகமும் ஒன்றா? சமையல் புத்தகத்துக்குத் தேவையான கருத்து, 'மீன் குழம்பில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு புளி என்று அளவு சொல்லவில்லை, தேவையான அளவு என்று போட்டு விட்டுவிட்டார்கள்' என்பது. அந்த ஒரு வரி, அடுப்பை மூட்டுவதற்கு முன்பே ஒருவரைக் காப்பாற்றும்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள சீட்டு, பாதியில் நிறுத்தியவர் எழுதுவது. முழுக்கப் படித்தவர்களிடம் மட்டும் கேட்டால், அந்தப் புத்தகம் பிடித்தவர்களின் குரல் மட்டுமே சேரும். பாதியில் வைத்தவர் வெட்கப்பட்டுப் பேசாமல் போய்விடுவார். அவரிடம்தான் 'எந்த இடத்தில் வைத்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால் 'நேரமில்லை' என்பார். எங்கே என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டுவார். நான்கு பேர் ஒரே அத்தியாயத்தில் நின்றிருந்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராமேசுவரத்துத் தெருவும், அப்பாவின் படகும், பள்ளிக்கூடமும் வரும் முதல் பகுதியை இந்தக் கரைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்துவிட முடியும். செயற்கைக்கோளை ஏவும் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வேலை வரும் இடத்தில் அடுக்குகள், எரிபொருள், திட்டக்குழு என்று கலைச்சொற்கள் நெருங்கி வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை அங்கே நின்றால் அது பிள்ளையின் குறையும் இல்லை, புத்தகத்தின் குறையும் இல்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் ஏவல் தோற்றது, 1980 ஜூலை 18 அன்று அடுத்தது வென்றது என்று சீட்டிலேயே இரண்டு வரி எழுதி வைத்தால், எதை நோக்கிப் படிக்கிறோம் என்ற பிடி கிடைத்துவிடும். 'நம்ம ஊர்க்காரர் எழுதினது, எல்லாரும் படிக்கணும்' என்று எழுதப்படும் சீட்டில் அந்தப் பிடி இருக்காது. ஊர்ப்பாசம் நல்லதுதான், ஆனால் பிள்ளையை அடுத்த அத்தியாயத்துக்குள் அது கூட்டிப்போகாது.

கடலைப் பற்றிய நாவல்கள் விஷயத்தில் இந்தக் கரையின் கருத்துக்குத் தனி எடை உண்டு. உள்நாட்டு வாசகர் மொழியழகைப் பார்ப்பார். தொழிலுக்குப் போகிறவர் முதலில் காற்றைப் பார்ப்பார். கச்சான் (மேல்காற்று) அடிக்கும் ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) குமுறும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கி இருக்கும். வாடைக் (வடகாற்று) காலத்தில் அது தலைகீழாகும். எந்த மாதம் என்று சொல்லிவிட்டு எந்தக் காற்று என்று சொல்லாத கதையை, அல்லது தவறான காற்றைச் சொல்லும் கதையை, அவர் இரண்டாம் பக்கத்திலேயே நம்ப மறுப்பார். அந்த மறுப்பை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கதைக்கு இது முக்கியமா என்று நாம் இடையில் புகுந்து அளக்கக் கூடாது.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' எடுத்துக்கொள்ளுங்கள். 84 நாள் மீன் படாத கிழவர், தன் படகைவிட இரண்டடி நீளமான 18 அடி மீனைத் தூண்டிலில் பிடிக்கிறார். பொதுவாக இதை மன உறுதியின் கதை என்று எழுதுவார்கள். தூண்டில் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்தால் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்: கயிற்றை முதுகில் வாங்குவது, இடது கை விரல்கள் மடங்கி இறுகிப்போவது, பிடிபட்ட மீனைப் படகில் ஏற்ற முடியாமல் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வருவது, ரத்த வாடைக்குச் சுறா வருவது. 84 நாள் பாடு இல்லாதவருக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். அந்தச் சின்னப் பையன் கொண்டுவந்து தருவதாகக் கதையில் இருக்கிறது. அந்த இடத்தைச் சரியாகக் கவனிக்க, வருமானமில்லாத நாட்களை எண்ணிப் பழகிய கண் வேண்டும். இந்தக் கருத்தை ஒரு கல்லூரி மாணவி படித்தால் அவள் மறுபடி அந்தப் பக்கங்களைப் புரட்டுவாள். ஒருவர் கருத்து இன்னொருவர் வாசிப்பைத் திருத்துவது இப்படித்தான்.

தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமியின் தமிழில் கிடைக்கிறது. கரையில் இருக்கும் பெண்ணின் கற்புதான் கடலில் போனவனைக் காக்கும் என்ற நம்பிக்கை அதன் நடுத்தூண். இதற்கு ஆண்கள் சீட்டும் பெண்கள் சீட்டும் தனித்தனியாக வர வேண்டும், பிறகு சேர்த்து வைக்க வேண்டும். இந்தக் கரையில் பெண்கள் கரையில் காத்திருப்பவர்கள் மட்டும் இல்லை. தீவுகளை ஒட்டி மூழ்கிப் பாசி எடுப்பவர்களும் அவர்களே, ஏலம் எடுத்து மீன் விற்பவர்களும் அவர்களே. கடலில் இறங்கும் பெண்ணை யாருடைய கற்பு காக்கும் என்று ஒருவர் கேட்டு எழுதினால், அந்தச் சீட்டை முதலில் வையுங்கள்.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) குமரிக் கடற்கரை முஸ்லிம் ஊரின் கதை. கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ முஸ்லிம் வீட்டு வாசகருக்கு அதில் வரும் அரபுச் சொற்கள் வீட்டுச் சொற்கள். மலையாளம் கலந்த பேச்சு அவரை நிறுத்தும். மற்றவருக்கு இரண்டுமே தடை. இந்த மாதிரிப் புத்தகத்துக்குச் சீட்டின் பின்பக்கத்தில் புரியாத சொல்லை மட்டும் எழுதச் சொல்லி, புரிந்த இன்னொருவரைப் பொருள் எழுத வைக்கலாம். பத்துச் சீட்டில் ஒரு சிறு அகராதி சேர்ந்துவிடும். உள்ளூரில் ஒரு சொல்லை வேறு பொருளில் சொன்னால் அதையும் விடாமல் குறிக்க வேண்டும்.

போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு இரண்டே கேள்விதான்: எந்த ஆண்டுப் பாடத்திட்டம், விடைகளில் பிழை எங்கே. வேறெதுவும் எழுத வேண்டாம்.

உள்ளூர் வரலாற்று நூலுக்கு, தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று நூலாசிரியர் சொல்கிறாரா என்பதை எழுதுங்கள். கல்வெட்டா, செப்பேடா, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணமா, வாய்மொழியா என்று ஒரு சொல் போதும். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் முரண்படும்போது, எதை நம்புவது என்று முடிவு செய்ய அந்த ஒரு சொல் உதவும்.

படித்ததைப் பற்றி மட்டும்தான் கருத்து எழுத வேண்டும் என்பதும் இல்லை. எழுத்து சிறியது, தாள் பின்பக்கம் தெரிகிறது, விரித்தால் முதுகு விட்டுப்போகிறது என்பதும் வாசகர் கருத்தே. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு 10 பாயிண்ட் எழுத்து இரவு விளக்கில் நிற்காது. 12 இருந்தால் படிப்பார். 'கதை பிடிக்கவில்லை' என்று வரும் சீட்டுகளில் சில உண்மையில் எழுத்தளவைப் பற்றியவை. பசை மட்டும் போட்டு ஒட்டிய முதுகு இந்த வெயிலில் காய்ந்து உடையும். நூல் தையல் போட்டது தாங்கும். அடுத்த முறை வாங்கும்போது எந்தப் பதிப்பை வாங்குவது என்று இந்தச் சீட்டுகளே சொல்லும்.

சீட்டுக்கும் உப்புக்காற்று எதிரிதான். ஸ்டேபிள் பின் போட்டால் துரு தாளில் இறங்கி ஓட்டை விழும், குண்டூசியும் அப்படியே. ஒரு மூலையில் துளையிட்டுப் பருத்தி நூலில் கோத்து, புத்தகப் பெயரின் அகர வரிசையில் அட்டைப்பெட்டியில் வைக்கலாம். கோந்து போட்டுப் புத்தகத்துக்குள் ஒட்ட வேண்டாம். மாவுப்பசையைத் தேடி, தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வரும். பல ஜெல் பேனாக்களின் மை ஈரத்தில் கரைந்துவிடும். பென்சில் நிலைக்கும், பால்பாயிண்ட்டும் பரவாயில்லை.

எழுதத் தெரியாதவர், எழுதப் பிடிக்காதவர் கருத்தை வாங்க வலை பொத்தும் கொட்டகை நல்ல இடம். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். ஒருவர் உரக்கப் படித்தால் அரை மணி நேரத்தில் டெமி அளவில் பத்துப் பக்கம் போகும். அதற்கு மேல் போனால் கவனம் கலையும். கேட்பவர் இடையில் சொல்வதை இன்னொருவர் அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். 'இவன் பொய் சொல்றான்டா, கொண்டல்ல அப்புடி ஓட முடியாது' என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். அதை 'கிழக்குக் காற்றில் இவ்வாறு பயணிப்பது சாத்தியமில்லை' என்று மாற்றினால் சொன்னவரே தன் கருத்து என்று அடையாளம் காண மாட்டார்.

புத்தகம் நைந்து புதுப் பிரதி வாங்கும்போது பழைய சீட்டுக் கோவையைத் தூக்கிப் போடாமல் புதியதன் பெயரில் மாற்றிக் கட்டுங்கள். மேல் சீட்டில் புதிய பதிப்பு ஆண்டையும், எந்த அத்தியாயம் எந்தப் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது என்பதையும் குறித்தால் போதும்.