வேண்டுதல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமான புதிதிலிருந்து நானும் மனைவியும் போய்வந்த ஊர்கள் அநேகமாக எல்லாமே யாராவது போகச் சொல்லிப் போனவை. அந்தக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுங்க, இந்த மலைக்குக் கிருத்திகை தவறாமல் நடந்து ஏறுங்க என்று சொந்தத்தில் ஆளுக்கொன்று சொல்ல, பெருந்துறையிலிருந்து பைக்கில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சாமியையும் விட்டுவைக்கவில்லை. அப்போதெல்லாம் ஊரைப் பார்த்ததாகவே நினைவில்லை. கும்பிட்டு முடித்ததும் அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி, லீவு கிடைக்குமா என்று கணக்குப் போட்டபடி திரும்பிவிடுவோம். விசேஷ வீடுகளில் "ஏதாச்சும் விசேஷம் உண்டுங்களா அம்மணி" என்று கேட்பவர்களுக்குச் சிரித்தமுகமாகப் பதில் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறியதும் வீடு வரை பேசாமல் வருவாள்.

சிகிச்சை போதும் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். தத்தெடுக்கப் பதிவு செய்தோம். அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளே மாறிவிட்டன. இப்போதும் கிளம்புகிறோம், ஆனால் போகிற இடத்தில் கேட்டு வாங்கிவர எதுவும் இல்லை. அதனாலேயே கண் திறந்திருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரா என்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். 2022 விதிமுறைகளின்படி கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டு வயது 85-க்குள் இருந்தால் 2 வயதுக்குட்பட்ட குழந்தை, 90 வரை என்றால் 2 முதல் 4 வயது, 100 வரை என்றால் 4 முதல் 8 வயது. எனக்கு 47, அவளுக்கு 44. ஆக எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை நடந்துதான் வரும். பேசிக்கொண்டு வரும். பிடித்த சோறு, பிடிக்காத சோறு, பயப்படுகிற இருட்டு எல்லாம் ஏற்கெனவே அதற்கு இருக்கும். வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் சம்பளம், உடம்பு, வாடகையா சொந்த வீடா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "சனி, ஞாயிறுல என்னங்க பண்ணுவீங்க?" என்றார். எங்காவது போவோம் என்றேன். "பிள்ளை வந்தா எங்கெங்க கூட்டிட்டுப் போவீங்க?" சட்டென்று வாயில் வந்தது கோபிப் பக்கத்துக் கொடிவேரி அணை. மற்ற இடங்களை இப்போது ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் போனது பவானிப் பக்கம். பவானியும் காவிரியும் கூடுகிற கூடுதுறைக்கு நான் பல தடவை போயிருக்கிறேன், அப்பா இறந்தபின் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பதும் அங்கேதான். பிண்டம் வைத்து எழும்போது "உனக்கப்புறம் இதைச் செய்ய ஒருத்தன் வேணுமே" என்று பெரியப்பா சொல்லாமல் இருந்ததில்லை, பாசத்தில் சொல்வதுதான். இந்தமுறை கோயிலுக்குள் போகாமல், பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற காலிங்கராயன் அணைக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். காலிங்கராயன் என்ற கொங்குத் தலைவர் 1271-இல் தொடங்கி 1283-இல் முடித்தது என்கிறார்கள். அங்கிருந்து பிரிகிற வாய்க்கால் ஈரோட்டுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து 56 மைல் ஓடி, ஆவுடையார்பாறைப் பக்கம் நொய்யலைத் தொடுகிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வளைவு. பாம்பு நெளிந்து போய் வழிகாட்டியது என்று ஊரில் கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை. தன் பிள்ளைகுட்டிகளுக்காக வெட்டிக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, என் வம்சத்தார் யாரும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று காலிங்கராயன் வாக்குக் கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பார்கள். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது, என்ன மனுஷன், சொந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமல் என்று தோன்றும். அன்றைக்கு மதகு ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படித் தோன்றவில்லை. 700 வருஷத்துக்கு மேலாக மஞ்சளும் நெல்லும் கரும்பும் வாழையுமாக எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதில் சாப்பிட்டிருக்கும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், இன்னும் சொல்லவில்லை.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போனது தை மாதத்து ஒரு காலை. வழியில் ரோட்டோரம் தெளுவு, அதாவது பதநீர், விற்றார்கள், ஆளுக்கு ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனோம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே பறவைகளுக்கான காலம், அதிலும் வெயில் ஏறுமுன் போய்விடவேண்டும். சுமார் 77 ஹெக்டேர் ஏரி, 1996-இல் சரணாலயமானது, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் பலகையிலும் செய்தியிலும் படிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது. மத்தாப்போடு சரி. ஐந்தாறு வயதுப் பையனிடம் "இங்க வேண்டாம் சாமி, குஞ்சு பயந்துக்கும்" என்று சொல்லி, அவனையும் ஒத்துக்கொள்ள வைத்து, அடுத்த வருஷம் அவனே தம்பிக்குச் சொல்கிற அளவுக்குக் கொண்டுவருவது லேசான காரியமா? எந்தச் சட்டமும் இதைச் செய்துவிட முடியாது. அந்த ஊர் அப்பன்மார்களும் ஆத்தாமார்களும் செய்திருக்கிறார்கள்.

கரையில் நடந்தோம். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது, பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது, கரண்டிவாயன் கூட்டம் ஒன்று சேற்றை இப்படியும் அப்படியும் அலசிக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கூழைக்கடாதான் பிடித்தது. குஞ்சு தலையையே தாயின் அலகுப் பைக்குள் விட்டு உள்ளே இருக்கிற மீனை எடுத்துத் தின்னும். நான் நின்றது மஞ்சள் மூக்கு நாரைகளின் கூட்டுக்கு எதிரில். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும், இரை கொண்டுவருவதும் இரண்டும்தான். வெயில் உச்சிக்கு வந்தால் இரண்டில் ஒன்று கூட்டின் மேல் நின்று இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் ஒன்று, பார்த்து இது அப்பன், இது ஆத்தா என்று சொல்ல முடியாது. "ஏனுங்க, அது எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்?" என்று மனைவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கிளம்புகிற வரை நின்றது.

இந்த ஏரி வற்றாமல் இருக்க மழை மட்டும் போதாது, கீழ்பவானி வாய்க்காலின் கசிவும் வேண்டும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று நம் பக்கத்தில் எவ்வளவு சண்டை நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கசியாமல் தங்கள் வயல் வரை வரவேண்டும் என்று கடைமடைக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் கசிவு நீரால் கிணறு ஊறி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை நான். கசிவை வெறும் இழப்பு என்று எழுதும்போது எனக்குப் பொறுக்காது. சரி, அது வேறு கதை.

அவிநாசிக்குப் போகலாம் என்று சொன்னது மனைவிதான். நான் தயங்கினேன், ஏனென்றால் முன்பு வேண்டிக்கொண்டு போன கோயில்களில் அதுவும் ஒன்று. "இந்தவாட்டி ஒண்ணும் கேக்க வேண்டாம். சும்மா பாத்துட்டு வரலாம்" என்றாள். அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் கும்பிட்டோம். முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிற சிற்பம் அங்கே இருக்கிறது, முன்பெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்தமுறை எதிரில் உட்கார்ந்து கதையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன்.

பெரிய புராணத்தில் வருகிற கதை. சுந்தரர் தன் நண்பர் சேரமான் பெருமாளைப் பார்க்கப் போகிற வழியில் இந்த ஊர்த் தெருவில் நடக்கிறார். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதில் இரண்டு பையன்களும் குளத்தில் குளிக்கப் போனார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, தப்பித்தவனுக்குத்தான் இப்போது பூணூல். அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் துக்கத்தை மறைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்து கும்பிடுகிறார்கள். பிள்ளையை இழந்தவர் நீங்களா என்று அவர் கேட்டால், அது முன்பே நடந்துபோன விஷயம், உங்களைப் பார்க்கக் கிடைத்ததே என்கிறார்கள். இந்த இடத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். விசேஷ வீடுகளில் அவள் சிரித்த சிரிப்பு அதுதான்.

அப்புறம் சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாட, முதலை கரைக்கு வந்து பையனைத் தருகிறது. எத்தனை முறை கேட்டும் என் காதில் ஏறாத ஒன்று இங்கேதான் இருக்கிறது: விழுங்கின அன்றைக்கு இருந்த ஐந்து வயதுப் பையனாக அவன் திரும்பி வரவில்லை, போன வருஷங்களின் வளர்ச்சியோடு வருகிறான். அந்தத் தாய் தகப்பன் பார்க்காத பல்லு விழுந்திருக்கும், அவர்கள் பார்க்காத உயரம் வளர்ந்திருப்பான். அந்த வருஷங்கள் எங்கே போச்சு என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. வாரி எடுத்துக்கொண்டார்கள். சுந்தரர் அவனுக்கும் பூணூல் போட்டுவைத்துவிட்டுத்தான் அந்த ஊரைவிட்டுக் கிளம்புகிறார்.

கூட்டு வயது 91 என்று திரையில் பார்த்த நாளிலிருந்து மனதில் ஒரு உறுத்தல் இருந்தது எனக்கு. பிள்ளை குப்புற விழுந்ததை, தவழ்ந்ததை, முதல் வார்த்தை சொன்னதை நான் பார்த்திருக்க மாட்டேன். அந்த நாலைந்து வருஷத்தில் அதைத் தூக்கினவர்கள், சோறூட்டினவர்கள் வேறு யாரோ. ஒருவேளை யாருமே சரியாகத் தூக்காமலும் இருந்திருக்கலாம், அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. அந்த வருஷங்களுக்கும் சேர்த்துத்தான் நான் அப்பா. நான் இல்லாத காலத்தில் அதற்கு நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அது சொல்ல வந்தால். பழைய ஆட்களைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பும் என்றால் அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டிலும்.

யோசித்துப் பார்த்தால் என் அப்பாவைப் பற்றி எனக்கிருக்கிற முதல் நினைவே ஐந்து வயதிலிருந்துதான். சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்து ஈரோடு மஞ்சள் மண்டிக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்துவிட்டு வெலை பேசினார், நடுநடுவே திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்தார். அதற்கு முந்தி அவர் என்னைத் தூக்கியது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான், எனக்கே தெரிந்த அப்பா மஞ்சள் மண்டியில்தான் தொடங்குகிறார். இதை மனைவியிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்மளுக்கு ஒண்ணும் பெருசா நேரமாயிடல" என்றாள்.

நம் முறை வந்ததும் காரா தளத்தில் காட்டுகிற பிள்ளையை 48 மணி நேரத்துக்குள் நமக்கென்று ஒதுக்கி உறுதி செய்யவேண்டும் என்பது விதி. அதனால் எங்கே போனாலும் இருவர் போனிலும் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். கடைசியில் தத்தெடுப்பு உத்தரவு கொடுப்பது கலெக்டர், முன்பு கோர்ட்டில் இருந்த அந்த வேலை 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரிடம் வந்துவிட்டது.

போனவாரம் சென்னிமலை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை. கீழே ஊரில் தறிச்சத்தம் கேட்கிற தெருவில் போர்வை ஒன்று எடுத்தோம், பெரியவர்கள் போர்த்துகிற அளவுதான், எந்த வயதில் வந்தாலும் ஆகும் என்று. மலைக்கு 1320 படி. மேலே போக பஸ்ஸும் இருக்கிறது. பாதியில் மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டோம், திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளி நெய் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் படி கஷ்டம், பஸ்ஸில் கூட்டி வந்துவிடலாம் என்றேன் நான்.

"அதெல்லாம் ஏறிக்கும். ஏறலைன்னா நீங்க தூக்கிக்குங்க."

அதற்குத்தான் இப்போது வாரம் தவறாமல் படியேறிப் பழகுகிறேன்.