முதல் நாவல்: சந்தேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது

முதல் வரைவு முடிந்து, இரண்டாவதில் பாதியைத் தாண்டியிருக்கிறேன். "நீ எழுதித்தான் ஆக வேண்டுமா?" என்ற குரல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திருப்பதை நிறுத்திய பிறகுதான் வேலை நகர ஆரம்பித்தது. முதல் நாவலில் கைவைத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்று, இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

பேச்சு நின்றுபோன அக்கா, தங்கை இருவரைப் பற்றிய கதை. தொடக்கம் சுலபமாகவே வந்தது. எதையும் தீர்மானிக்காத கட்டத்தில் எல்லாமே சாத்தியமாகத் தெரியும். நடுப்பகுதிதான் ஆளைச் சாய்த்துவிடும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வழியை அடைத்துவிடுகிறது. அக்கா கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிட்டாள் என்று எழுதிவிட்டால், அதில் இருந்தது அவளுக்குப் பின்னால் எப்படித் தெரியவரும்? முன்பே போட்ட முடிச்சுகள் பதில் கேட்கின்றன, முடிவோ கண்ணுக்கு எட்டவில்லை. சிறுகதை என்றால் ஒரே அமர்வில் முழுதாகப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம். நாவலில் முழு உருவத்தைப் பார்க்காமலே மாதக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. சந்தேகம் அங்கேதான் வேர் பிடிக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1938இல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதியபோது கூடவே ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். அது 1989இல் புத்தகமாக வந்தது. தன் திறமை மீதே நம்பிக்கையில்லாமல், தான் எழுத்தாளனே இல்லை என்கிற அளவுக்கு அதில் எழுதியிருக்கிறார். ஆனாலும் நாளுக்கு ஏறக்குறைய 2,000 சொற்கள் என்ற இலக்கோடு எழுதி, சில மாதங்களிலேயே நாவலை முடித்தார். 1939இல் வெளியானது, 1940இல் புலிட்சர் பரிசு பெற்றது. அவருக்கும் சந்தேகம் இருந்தது என்ற ஆறுதலைவிட, அந்தப் பழக்கம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. புலம்பலுக்குத் தனி நோட்டு, அப்புறம் கதை.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். கொஞ்ச நாளில் அதிலிருந்த வரிகள் இரண்டு வகையாகப் பிரிந்து தெரிந்தன. "எனக்கு இது வராது" என்பது ஒரு வகை. அது எப்போதும் ஒரே வாக்கியம், அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. "இந்த உரையாடலில் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள்" என்பது இன்னொன்று. அதில் நாளைக்கான வேலை இருக்கிறது. முதல் வகை வரி எழும்போதெல்லாம், "சரி, எந்தப் பக்கத்தில்?" என்று கேட்க ஆரம்பித்தேன். பல நேரம் பதில் கிடைத்தது.

"நாவல் செத்துவிட்டது" என்று நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு கட்டம் உண்டு. அப்படிக் கேட்டுப் பார்த்ததில், விஷயம் ஆஸ்பத்திரிக் காட்சியில் வந்து நின்றது. தங்கையே 'நான்' என்று கதை சொல்வதால், எல்லா இடத்திலும் அவள் இருந்தாக வேண்டும். அக்காவும் டாக்டரும் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவைத்திருந்தேன். அக்காவின் மனதுக்குள் வாசகர் நுழைய வழியே இல்லை. படர்க்கைக்கு மாறி, அத்தியாயத்துக்கு ஒருவர் பார்வை என்று வைத்ததும் மூச்சு வந்தது. இதில் முக்கியமானது, பழைய அத்தியாயங்களைத் திருத்தப் பின்னால் போகவில்லை. "இதற்கு முன்னாலும் படர்க்கைதான், பிறகு மாற்று" என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு, ஏற்கெனவே மாற்றிவிட்டது போலவே மேலே எழுதினேன். திரும்பிப் போயிருந்தால் முதல் வரைவு முடிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அன்றாடப் பழக்கம் எளிதானது. எழுத உட்கார்ந்ததும் முந்தைய பக்கத்தை மட்டும் படிப்பேன், அதற்கு முன்னால் போக மாட்டேன். காட்சி முடிவதற்குள் நிறுத்தி, அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதி வைப்பேன். எதுவும் வராத நாளில் வெறும் உரையாடல் மட்டும். சொல் எண்ணிக்கை முதல் வரைவோடு சரி. இரண்டாவதில் வெட்டுவதும் வேலைதான் என்பதால் அந்தக் கணக்கு உதவாது.

முதல் வரைவை ஒரே ஒரு தோழியிடம் கொடுத்தேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மனம் நோகாத பதில்தான் வரும். அதனால் எங்கே அலுத்தது, எங்கே குழம்பியது, எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனாய் என்று கேட்டேன். நான் பயந்துகொண்டே எழுதிய நடுப்பகுதியை அவள் வேகமாகப் படித்திருக்கிறாள். நான் ரசித்து எழுதிய தொடக்கம்தான் அவளுக்கு நகரவில்லையாம். எழுதும் நேரத்து மனநிலையை வைத்துப் பக்கத்தை எடைபோடக் கூடாது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். உற்சாகமாக எழுதிய பக்கம் எது, தள்ளாடி எழுதியது எது என்று இன்று படித்தால் எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை.

இப்போது முதல் மூன்று அத்தியாயங்களை ஒன்றாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். எந்த அத்தியாயத்தில் அக்காவுக்கு என்ன தெரியும், தங்கைக்கு என்ன தெரியாது என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். கிழிந்த கடிதத்தின் சிக்கல் அதில்தான் தீர வேண்டும். அது தீர்ந்ததும் உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.