சாசேஜும் சீஸும்: புதுச்சேரி ஓவன் நாட்குறிப்பு

டிசம்பர் 18, வியாழன்

புத்தாண்டு இரவுக்கு இருபது பேர். கையில் எடுத்தால் இரண்டு கடியில் முடிகிற மாதிரி மூன்று வகைப் பலகாரம். மூன்றிலும் சாசேஜ், சீஸ். மூன்றும் 30 லிட்டர் ஓடிஜியில், அதாவது மேடை மேல் வைக்கிற மின் ஓவனில் வேக வேண்டும், எண்ணெய்ச் சட்டி கிடையாது. அதுவரை ஒத்திகை. எது கெட்டது, ஏன் கெட்டது என்பதெல்லாம் இங்கே அவ்வப்போது வரும். இன்று சாமான் மட்டும்.

ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிற சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. ஓவனில் அதற்குச் சூடு ஏறினால் போதும், வேக வேண்டியது மாவுதான். பச்சையாகத் திணித்து விற்கிற சாசேஜ் என்றால் கொதிக்கும் தறுவாயில் இருக்கிற தண்ணீரில் முதலில் வேகவைத்து, நடுவில் 74 டிகிரி வந்த பிறகுதான் மாவுக்குள் போக வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எது என்று போட்டிருக்கும். மேல்தோல் கொலாஜன் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. மாட்டிறைச்சி தொடாதவர்கள் வருகிற வீட்டில் தோலில்லாத சாசேஜே வம்பில்லாதது.

சீஸ் இரண்டு வேண்டும். ஒன்று, சாதாரணக் கட்டி சீஸ், அதாவது பிராசஸ்டு. மற்றொன்று மொசரெல்லா. இவற்றை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பது சனிக்கிழமை.

பட்டர் பேப்பர் என்று கேட்டால் கடையில் இரண்டு விதம் தருகிறார்கள். மெழுகு பூசியதை 200 டிகிரியில் வைத்தால் புகையும், மெழுகு உருகிப் பலகாரத்தின் அடியில் ஒட்டும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு நகத்தோடு வரும். சிலிக்கான் பூசியதுதான் ஓவனுக்கு.

டிசம்பர் 20, சனி

அடுக்கு மாவு உருளை. நம்ம பஃப்ஸின் தம்பி.

பஃப்ஸ் மாவை வெண்ணெய் வைத்து வீட்டில் மடிப்பது இந்த ஊரில் மார்கழியில்கூடச் சிரமம். வெண்ணெய் உருகவே வேண்டாம், 20 டிகிரியைத் தாண்டிக் குழைந்தாலே மாவோடு கலந்துவிடும், அடுக்கு போச்சு. பேக்கரிகளில் இதற்கென்றே உருகுநிலை கூடிய மார்ஜரின் போடுகிறார்கள். ஆறிப்போன பஃப்ஸைத் தின்றால் மேலண்ணத்தில் ஒரு பிசுக்கு ஒட்டுமே, அது இதனால்தான். சூடாகக் கொடுக்கப் போகிறோம் என்பதால் எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. முன்தினமே சொல்லிவைத்தால் மாவை எடை போட்டுத் தருகிற பேக்கரிகள் உண்டு. இல்லாவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த ஷீட்.

கணக்கு: மாவு 400 கிராம், 10 செ.மீ. நீளமுள்ள சாசேஜ் 12 (சுமார் 400 கிராம்), கட்டி சீஸ் 70 கிராம், முட்டை 1, பால் 1 மேசைக்கரண்டி. இதில் 48 துண்டு வரும்.

சாசேஜை முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக்கி, துணியால் ஒற்றி, எண்ணெயே இல்லாத தோசைக்கல்லில் மிதமான தீயில் நான்கு நிமிடம் உருட்டி எடுக்க வேண்டும். கல்லில் முதலில் சொய் என்று தண்ணீர் கக்கும். அந்தச் சத்தம் அடங்கி, மேலே அங்கங்கே பழுப்பு விழுந்தால் சரி. பிறகு முழுக்க ஆற வேண்டும். முதல் தட்டில் வேண்டுமென்றே இதைச் செய்யாமல் பார்த்தோம். மேலே பொன்னிறம், அடியில் வெளுத்த களி. சாசேஜ் கக்கிய தண்ணீர் போக வழியில்லாமல் அடி மாவில் ஊறிவிட்டது. சூடு ஆறாமல் சுற்றினாலும் இதே கதிதான், மாவிலிருக்கிற கொழுப்பு ஓவனுக்குப் போகும் முன்பே உருகிவிடும்.

மாவை 3 மி.மீ. கனத்தில் 40க்கு 30 செ.மீ. பலகையாகத் தேய்த்து, 10 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டையாக வெட்டவும். சாசேஜை நீளவாக்கில் பாதி ஆழம் கீறி, அந்தக் கீறலில் அரை செ.மீ. கனமுள்ள சீஸ் குச்சியைச் சொருகவும். பட்டைக்கு நான்கு சாசேஜ், தலையோடு தலை. கீறல் மேல்பக்கம் பார்க்க, மாவு சேருமிடம் அடியில் வர வேண்டும். சேருமிடத்தில் ஒரு விரல் அகலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். ஒட்டுவதற்குத் தண்ணீர் போதும்.

உருளையை 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வெட்டினால் கத்தி அடுக்கை நசுக்காது. 2.5 செ.மீ. துண்டுகள். மேலே முட்டை பூசும்போது வெட்டிய முகத்தில் வழியவிடக் கூடாது. முட்டை அடுக்கையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாது, துண்டு கோணலாக நிற்கும். முட்டையில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் நீர்த்துப்போய்த் தூரிகையில் சீராக வரும்.

210 டிகிரியில் 12 நிமிடம், பிறகு 190இல் 8 முதல் 10 நிமிடம். முதல் சூடு மாவிலுள்ள தண்ணீரை ஆவியாக்கி அடுக்கைத் தூக்குகிறது, இரண்டாவது உள்ளே காயவைக்கிறது. பொன்னிறம் வந்ததே என்று 15 நிமிடத்தில் எடுத்தால் நடு அடுக்கு பச்சை மாவாகவே இருக்கும்.

இனி சீஸ். ஒரு உருளையில் கட்டி சீஸ், ஒன்றில் மொசரெல்லா. மொசரெல்லா துண்டுகள் எட்டாவது நிமிடத்திலேயே வெட்டு முகத்தின் வழியே நாக்கை நீட்டின. தாளில் ஓடி, சலசலத்து, கருகிய சல்லாத் துணியாகி நின்றது. கட்டி சீஸ் வெட்டு முகத்தில் ஒரு மணி போலத் திரண்டு அப்படியே நின்றுவிட்டது. அதில் சேர்க்கிற சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கின்றன. உருகினாலும் ஓடாது, நூல் நூலாக இழுக்கவும் இழுக்காது. மாவுக்குள்ளே வைப்பதற்கு அதுதான்.

சாசேஜிலும் உப்பு, சீஸிலும் உப்பு. பூசுகிற முட்டைக்கான அந்தச் சிட்டிகையைத் தவிர, இந்த மூன்று பலகாரத்திலும் கையால் உப்புப் போடுகிற இடமே இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று மீந்த பத்துத் துண்டு. மூடி போட்ட டப்பாவில் சூடாக அடைத்த ஐந்தும் இன்று துவண்ட துணி. கம்பி வலையில் ஆறவிட்டுப் பிறகு அடைத்த ஐந்து பரவாயில்லை, ஆனாலும் மொறுமொறுப்பு இல்லை. கடற்காற்று இரவோடு இரவாக வேலையைக் காட்டிவிட்டது. 160 டிகிரியில் 8 நிமிடம் வைத்ததும் ஐந்துக்கும் உயிர் வந்தது. சூடாக அடைத்த துண்டுகளுக்கு 13 நிமிடம் ஆயிற்று, அதற்குள் சாசேஜ் சுருங்கிவிட்டது. மைக்ரோவேவ் பேச்சே வேண்டாம்.

டிசம்பர் 23, செவ்வாய்

பிரெஞ்சுக்காரர்களிடம் கூஜேர் என்று ஒரு சீஸ் உருண்டை உண்டு, பர்கண்டிப் பக்கத்துப் பலகாரம். அடுப்பிலேயே கிண்டுகிற மாவு. குளிர்ந்த வெண்ணெய், அடுக்கு, ஃப்ரீசர் என்று எதுவும் கேட்காது. நம் கடலோரச் சூட்டுக்கு இதைவிடத் தோதான ஓவன் மாவு கிடையாது என்பது எங்கள் கட்சி. அதில் சாசேஜைப் பொடியாக அரிந்து சேர்க்கிறோம்.

தண்ணீர் 125 மி.லி., உப்பு போட்ட வெண்ணெய் 50 கிராம், மைதா 75 கிராம், ஓடு நீக்கிய முட்டை 100 கிராம், துருவிய சீஸ் 60 கிராம், சாசேஜ் 60 கிராம், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். 26 அல்லது 28 உருண்டை.

வெண்ணெய் முழுக்க உருகிய பிறகே தண்ணீர் கொதிக்க வேண்டும், அதனால் வெண்ணெயைச் சின்னதாக வெட்டிப் போடவும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மைதாவை ஒரே கொட்டாகக் கொட்டி மரக்கரண்டியால் கிண்டவும். களி கிண்டுகிற கைக்கு இது பழகிய வேலை. மாவு திரண்டு பாத்திரத்தை விட்டு விலகிய பிறகும் இரண்டு நிமிடம் தீயிலேயே புரட்ட வேண்டும். பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் போதுமான ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் மாவு அத்தனை முட்டையை வாங்காது, உருண்டை தட்டையாகப் பரவும்.

இறக்கி, விரல் தாங்குகிற சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டு ஊற்றினால் முட்டை பொரியலாகும். நம்மூர் முட்டை சிறிது, இரண்டு உடைத்தால் 90 கிராம்தான் தேறும். மூன்றை அடித்து வைத்துக்கொண்டு நிறுத்துப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். கடைசி 20 கிராமைக் கரண்டியளவாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கரண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மாவு பொத்தென்று கட்டியாக விழுந்தால் இன்னும் வேண்டும். கரண்டியிலிருந்து முக்கோணமாக, வாழைப்பூ மடல் நுனி மாதிரித் தொங்கி நின்றால் அங்கேயே நிறுத்தவும். ஓடையாக ஒழுகினால் தாண்டிவிட்டது, திருத்த வழியில்லை. அதில் மைதாவைச் சேர்த்தால் வேகாத மாவாகவே நிற்கும். அப்பம் ஊற்றிச் சாப்பிட்டுவிடலாம்.

சாசேஜைத் துவரம்பருப்பு அளவுக்கு அரிந்து, வறுத்து, தாளில் ஒற்றி, துருவிய சீஸ், மிளகுத்தூளோடு மாவில் சேர்க்கவும். பெரிய துண்டு உருண்டையின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும், அந்த வழியே ஆவி போய் உருண்டை எழும்பாது.

இரண்டாவது ஈட்டில் மிளகுக்குப் பதில் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் கடுகும் சேர்த்து வெயிலில் காயவைத்த நம்ம வடகம்தான், இங்கிருந்து போய்ப் பிரெஞ்சுச் சமையலில் வதுவான் என்று பெயர் எடுத்திருக்கிறது. அரை டீஸ்பூன் வடகத்தை அந்த 50 கிராம் வெண்ணெயிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பொரித்து, நசுக்கிச் சேர்த்தோம். பொரிக்காமல் போட்டால் விளக்கெண்ணெய் வாடை தூக்கும். மிளகு ஈட்டைவிட இது மேல். 31க்கு இதுவே.

ஒரு டீஸ்பூன் குவியலாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, 200 டிகிரியில் 15 நிமிடம், 180இல் 10 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் தொடக் கூடாது. ஓடு காயும் முன்பு குளிர்காற்று பட்டால் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி எல்லாம் பொத்தென்று அமுங்கும், மறுபடி எழாது. எடுத்தவுடன் பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை போட்டு, அணைத்த ஓவனில் கதவை ஒருக்களித்து ஐந்து நிமிடம். துளை போடாத உருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரப் பஞ்சு.

டிசம்பர் 26, வெள்ளி

மைதா, பேக்கிங் பவுடர், சீஸ், அரைத்த சாசேஜ் நான்கையும் பிசைந்து உருட்டிச் சுடுகிற அமெரிக்க உருண்டையையும் பார்த்தாயிற்று. சுலபம்தான். இரண்டு தின்றால் வயிறு கம்மென்று ஆகிவிடுகிறது. பட்டியலில் இல்லை.

மின்சாரம் பற்றி ஒன்று. ஓடிஜி 1500 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் போட முடியாது. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடவும். 15 நிமிடம் கடந்த பஃப்ஸ் உருளை பிழைத்துக்கொள்ளும். கூஜேர் பிழைக்காது. மழை மேகம் கட்டினால் கூஜேரை முதலில் முடித்துவிடுவது உத்தமம்.

டிசம்பர் 28, ஞாயிறு

பகெட் துண்டு. பகெட் என்பது நீளமான பிரெஞ்சு ரொட்டி. மாவு பிசைகிற வேலையே இல்லை, ரொட்டியை ஊர் சுட்டுக் கொடுக்கிறது.

நேற்றைய ரொட்டிதான் வேண்டும், இன்று சுட்டது கத்திக்கு நசுங்கும். 1.5 செ.மீ. கனத்தில் சாய்த்து வெட்டி, ஒன்றும் தடவாமல் 160 டிகிரியில் 8 நிமிடம் காயவைக்கவும். பிறகு பூண்டு நசுக்கிய வெண்ணெய், 3 மி.மீ. சாசேஜ் வட்டம் மூன்று, மேலே சீஸ். வெண்ணெய் ஈரத்தைத் தடுக்கிற பூச்சு, அதைத் தவிர்த்தால் பத்து நிமிடத்தில் ரொட்டி ஊறும். 200 டிகிரி, மேல் ராடு மட்டும், 6 நிமிடம். பக்கத்திலேயே நிற்கவும்.

இங்கே மொசரெல்லாவின் முறை, மேலே இருப்பதால் ஓட இடமில்லை. மொசரெல்லா 60 கிராமுக்குக் கட்டி சீஸ் 40. தனி மொசரெல்லா இழுக்குமே தவிர ருசி தராது. தண்ணீரில் மிதக்கிற ஃபிரெஷ் மொசரெல்லா கிடைத்தால் அரிந்து, துணியில் பரப்பி, ஓரிரவு ஃபிரிட்ஜில் வைத்த பிறகே போடவும். தக்காளி வைக்கவே வேண்டாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

நாளை மாலை கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி விடமாட்டார்கள். நகருக்குள் வாங்க வேண்டியதெல்லாம் இன்றே வாங்கியாயிற்று, பகெட் உட்பட.

ஆளுக்கு ஐந்தரைத் துண்டு, பின்னால் சாப்பாடு இருக்கிறது. உருளை 48, கூஜேர் 28, பகெட் 36. சைவத்துக்கு உருளையிலும் பகெட்டிலுமாக 15 துண்டு (கூஜேர் மாவிலேயே முட்டை இருக்கிறது), சாசேஜுக்குப் பதில் மிளகு தடவி வாட்டிய பன்னீர், தனிக் கத்தி, தனித் தட்டு, மேலே முட்டைக்குப் பதில் பால்.

உருளைகளை வெட்டி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, கல்லான பிறகு பைக்கு மாற்றினோம். நேராகப் பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும். நாளை இளக்காமல் அப்படியே ஓவனுக்கு, 5 நிமிடம் கூடுதல். முட்டைப் பூச்சும் நாளைதான்.

டிசம்பர் 31, புதன்

4.30 கூஜேர், இரண்டு தட்டு. இரண்டாவது தட்டுக்கான மாவு ஈரத்துணி மூடி வெளியிலேயே காத்திருந்தது, குறை ஒன்றும் இல்லை. 5.45 பகெட் காயவைத்தல். 6.10 முதல் உருளை, தட்டுக்கு 16 வீதம் மூன்று ஈடு. ஈட்டுக்கு ஈடு ஓவன் மறுபடி 210 ஏற ஐந்து நிமிடம் விட வேண்டியிருந்தது. அதைக் கணக்கில் சேர்க்காததால் மூன்றாவது ஈடு 7.45க்குத்தான் வெளியே வந்தது. 7.50 கூஜேரை 160இல் 5 நிமிடம். பகெட்டுக்குச் சீஸ் போட்டுச் சுட்டது ஆள் வந்த பிறகு, 12, 12, 12 என்று.

கைத்துடைக்கும் தாளைத் தட்டில் விரித்து அதன் மேல் பலகாரத்தை அடுக்கினோம். மூடவில்லை. 8.15க்கு வைத்த தட்டு 10.15க்கு எடுக்கப்பட்டது. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்த சாசேஜை நாளைக்கென்று ஃபிரிட்ஜில் ஏற்றுவதில்லை. மீந்தது பகெட் நான்கு, உருளை இரண்டு. வடகம் போட்டது ஒன்றுகூட இல்லை.