என்ஜமேனாவில் ஒரு தியேட்டரைப் படமெடுக்க அனுமதி வாங்கிய அனுபவம்

சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமேனாவுக்கு வேலையாகப் போகிறவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் போனபோது, அங்கே தெருவில் நின்று போட்டோ எடுக்கவே அரசாங்கத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டியிருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், வந்த 72 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு, இவற்றையெல்லாம் அலுவலகத்திலேயே பார்த்துக்கொண்டார்கள். போட்டோ அனுமதிக்கு மட்டும் நானே அலைய வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரே ஒரு கட்டடத்துக்காக: நார்மண்டி தியேட்டர்.

சாட் நாட்டு இயக்குநர் மஹமத் சாலே ஹரூன் 1999இல் எடுத்த 'பை பை ஆஃப்ரிக்கா' பார்த்ததிலிருந்து அந்த தியேட்டர் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. அம்மா இறந்த சேதி கேட்டு பிரான்ஸிலிருந்து ஊர் திரும்பும் இயக்குநராக அவரே நடித்திருப்பார். நண்பனின் பைக்கில் ஏறி ஊர் சுற்றினால், போர் தின்றுபோட்ட தியேட்டர்களாகவே கண்ணில் படும்.

விண்ணப்பம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். எதற்காக எடுக்கிறோம், எந்தெந்த இடம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். 'நகரக் காட்சிகள்' என்று பொதுவாக எழுதினால் வேலைக்கு ஆகாது. கூடவே பாஸ்போர்ட் நகல், போட்டோ, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம். கடிதத்தில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பட்டியலில் விரலை வைத்து, "இந்த தியேட்டரை எதற்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஹரூன் படத்தைச் சொன்னேன். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. 1980இல் தலைநகரில் நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையில் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து அக்கரையில் உள்ள கேமரூனின் குசேரிக்கு ஓடியவராம், அப்போது சின்னப் பையன். ஹரூனும் அந்தச் சமயத்தில் காயம்பட்டு, தள்ளுவண்டியில் வைத்து கேமரூனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்தான். ஹரூன் சிறுவயதில் பார்த்த முதல் சினிமா ஓர் இந்தியப் படம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரையில் ஒரு பெண் சிரித்தாளாம், தன்னைப் பார்த்தே சிரித்ததாக நினைத்தாராம். இதை அந்த அதிகாரியிடம் சொல்ல முடிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேமரா மேல் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்பது வரலாற்றைப் பார்த்தால் புரியும். 1900இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இது. குசேரிப் போரில் செத்த தங்கள் தளபதி லாமியின் பெயரை வைத்து ஃபோர்ட் லாமி என்றார்கள். 1973இல்தான் என்ஜமேனா ஆயிற்று. 1979இல் உள்நாட்டுப் போர் தலைநகருக்கே வந்துவிட்டது. அதிபர் ஹிசேன் ஹாப்ரே ஆட்சியில் (1982-90) பழைய நீச்சல்குளம் ஒன்றை மூடி, நிலத்தடிச் சிறையாக்கினார்கள். 2006இலும் 2008இலும் கிளர்ச்சிப்படை தலைநகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஹரூனின் 'எ ஸ்க்ரீமிங் மேன்' படத்தின் நாயகன் ஹோட்டல் நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், போருக்காகத் தன் மகனையே கொடுத்துவிடுபவன். அந்தச் சிறையைப் பற்றித் தெரிந்த பிறகு அந்தக் குளத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அந்தப் படத்துக்கு 2010இல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டு நார்மண்டியைப் புதுப்பித்தது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த தியேட்டர் 2011 தொடக்கத்தில் திறந்தது. ஒரு படம் ஒரு தியேட்டரையே மீட்டுக்கொடுத்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அனுமதி கிடைத்தாலும் அதிபர் மாளிகை, விமான நிலையம், ராணுவ வண்டிகள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஆட்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், கேமரா முன் வந்ததே ஒருவருக்கு வினையாகிவிடலாம். 'பை பை ஆஃப்ரிக்கா'வில் இசபெல் என்றொரு பெண் வருவாள். எய்ட்ஸ் வந்தவளாக ஒரு படத்தில் நடித்தவள். நிஜமாகவே அவளுக்கு நோய் என்று நம்பி ஊர் அவளை ஒதுக்கிவிடும். நார்மண்டி வாசலில் நின்ற இளைஞர்களிடம் நான் கேட்டேன். சிலர் சரி என்று நின்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்து ஒதுங்கிக்கொண்டார். அவர் நகர்ந்த பிறகுதான் எடுத்தேன். நடுவில் போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டபோது அனுமதியின் நகலைக் கொடுத்தேன். பட்டியலில் தியேட்டர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே இடங்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள், நகல் இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.